குழாய் திறக்காத புதன்கிழமை

போன வாரம் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் தங்கையைப் பார்க்கப் போனேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி, ஜன்னல் சீட்டும் கிடைத்து, நிம்மதியாக உட்கார்ந்த அடுத்த நிமிஷமே எனக்குக் கவலை வந்துவிட்டது – கேஸை அணைத்தேனா?

பேப்பரில் நான் எழுதுவதைப் படிக்கிற உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே. சீட்டு கிடைக்காவிட்டால் ஒரு கவலை. கிடைத்துவிட்டால், இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததே, பஸ் வழியில் நின்றுவிடுமோ என்று வேறொரு கவலை.

காவிரிப் பாலம் வந்தது. இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு தண்ணீர்! எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து சீட்டுப் பெண் என் தோளைத் தட்டினாள்.

"வசந்தாக்காதானே? என்னைத் தெரியலையா? உங்க தெருவுக்குக் குழாய் போட்டேனே!"

ரங்கநாயகி! தண்ணீர் ஆபீஸ் இன்ஜினியர். சேறு ஒட்டிய ஷூவோடும் தலையில் ஹெல்மெட்டோடும் பார்த்தே பழகிய பெண்ணைப் பட்டுப் புடவையிலும் பூவிலும் பார்த்தால் எப்படி அடையாளம் தெரியும்?

"உங்க தெரு தில்லுமுல்லைப் போன மீட்டிங்ல சொன்னேன்க்கா. பெரிய ஆபீசருங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க. ஒருத்தர் குறிச்சே வெச்சுக்கிட்டார்."

குறித்து வைத்துக்கொண்டாரா? எதற்கு?

"ஐயோ, என் பேரு சொன்னியாம்மா?"

"அட, அவர் பாராட்டித்தான் குறிச்சுக்கிட்டார்!" என்று சிரித்தாள்.

ஆபீசர்கள் வரைக்கும் போய்விட்டது. இனி உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு ஏமாற்று வேலை செய்தோம். ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் மாமியாரை ஏமாற்றினோம்... அதாவது, ஏமாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டோம்.

எங்கள் தெரு பாலக்கரைக்குப் பின்னால் இருக்கிறது. நீளமான, ஒல்லியான தெரு. முனையில் செல்வி வீடு. நடுவில் நாங்கள். கடைசியில், தெரு போய்ச் சுவரில் முட்டும் இடத்தில், ஜமீலா வீடு. தண்ணீர் செல்வி வீட்டுப் பக்கமிருந்துதான் தெருவுக்குள் வரும். மீதியை நான் சொல்ல வேண்டுமா? செல்வி பிடித்து, அவள் பக்கத்து வீடு பிடித்து, நான் பிடித்து... ஜமீலா வீட்டுக் குழாய்க்குப் போய்ச் சேரும்போது வெறும் காற்றுதான் மிச்சம். அவளும் இருபது வருஷமாகக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் அரசாங்கத்தின் புதுத் திட்டம் வந்தது. இருபத்து நாலு மணி நேரமும் குழாயில் தண்ணீர்! புது மேல்நிலைத் தொட்டி, புதுக் குழாய், வீட்டுக்கு வீடு மீட்டர். முதலில் நாலைந்து தெருக்களில் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு ஊருக்கே விஸ்தரிப்பார்களாம். அந்த நாலைந்தில் எங்கள் தெருவும் ஒன்று.

நோட்டீஸ் கொடுத்தார்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அரசாங்க முத்திரை போட்ட காகிதம் என்றால் ஒரு தடவை படித்து நம்ப மாட்டேன். அடுப்படியில் ஒரு தடவை, வாசலில் ஒரு தடவை, ஏதாவது ஓரத்தில் பொடி எழுத்தில் வில்லங்கம் இருக்கிறதா என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு தடவை. வில்லங்கம் எதுவும் இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

தெருவைத் தோண்டினார்கள். குழாய் இறக்கினார்கள். மூடினார்கள். தண்ணீரும் விட்டார்கள்.

ஜமீலா வீட்டுக்கு மட்டும் வரவில்லை!

புதுக் குழாய்தான். புது மீட்டர்தான். காலையில் திறந்தால் 'புஸ்...' மத்தியானம் திறந்தால் அதுவும் இல்லை.

இந்த நேரத்திலா இப்படி ஆக வேண்டும்? ஜமீலாவின் மகள் நஸ்ரினுக்கு ஏழாவது மாதம். கட்டிக்கொடுத்திருப்பது மன்னார்புரத்தில். மாப்பிள்ளை துபாயில். தலைப்பிரசவம் என்றால் அம்மா வீட்டில்தானே? ஜமீலா அந்தச் சின்ன அறைக்கு வெள்ளையடித்து, மேலே தொட்டில் கட்ட வளையமும் மாட்டிவிட்டாள். சம்பந்தியம்மாவோ அனுப்ப மாட்டேன் என்கிறார்.

ஒரு நாள் என் அடுப்படியில் உட்கார்ந்துதான் ஜமீலா அவருக்குப் போன் போட்டாள். அவள் போனில் ஸ்பீக்கர் மட்டும்தான் ஒழுங்காகக் கேட்கும். ஆகவே நானும் கேட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை, கவனியுங்கள்.

"நான் புள்ளைய அனுப்ப மாட்டேன்னு சொல்லல ஜமீலா. உன் வீட்டுக்குத் தண்ணி வரட்டும்னுதான் சொல்றேன்."

"புதுக் குழாய் போட்டாச்சு சம்பந்தி. மீட்டர்கூட வெச்சாச்சு."

"மீட்டரையா குடிக்க முடியும்? தண்ணி வருதா, அதைச் சொல்லு."

ஜமீலா என்னைப் பார்த்தாள். நான் ரசச் சட்டியைப் பார்த்தேன்.

"நீ குடத்தைத் தூக்கிட்டு நடப்பே. உன் மக பாத்துக்கிட்டு சும்மா உக்காந்திருப்பாளா? அவ குணம் உனக்குத் தெரியாதா? 'குடும்மா நான் ஒண்ணு எடுத்தாறேன்'னு எழுந்திரிச்சு வந்துடுவா. நெறமாசத்துல குடம் தூக்கினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அப்படித்தான் நான் ஒண்ணைப் பறிகொடுத்தேன். பேருகூட வெச்சிருந்தோம்."

நான் அடுப்பைத் தணித்தேன். சம்பந்தியம்மாவே தொடர்ந்தார்.

"ரெண்டு மூணு வாரம் போகட்டும். ஒரு புதன்கிழமை நானே காலையில வர்றேன். பொழுது சாயிற வரைக்கும் உன் வீட்டுல இருக்கேன். தண்ணி வந்தா அந்த வாரமே கொண்டாந்து விடறேன். வரலேன்னா கோவிச்சுக்காதே, பிரசவம் இங்கேதான்."

போனை வைத்தாள். நான் அந்த அம்மாவைத் திட்டத் தயாராக இருந்தேன். ஆனால் திட்டுவதற்கு என்ன இருக்கிறது?

"அவங்க சொல்றதுல தப்பே இல்லக்கா" என்றாள் ஜமீலா. "தப்பு இருந்தா சண்டையாவது போடலாம்."

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் வீட்டு டிரம்மிலிருந்து ஒரு குடம் மொண்டுகொண்டு போனாள்.

மறுநாளே ரங்கநாயகியை வரவழைத்தோம். ஸ்கூட்டரில் வந்தவள், ஜமீலா வீட்டுக் குழாயில் ஏதோ ஒரு கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, தெருவில் நின்று எல்லோரையும் கூப்பிட்டாள்.

"குழாய்ல ஒரு கோளாறும் இல்லக்கா. தொட்டி நிறைய இந்தத் தெருவுக்கு ஒரு நாளைக்குப் போதுமான தண்ணி ஏத்தறோம். நீங்க காலையில ஆறு மணிக்கு மொத்தமா திறந்து, ஒன்பது மணிக்குள்ள காலி பண்ணிடறீங்க. அப்புறம் கடைசி வீட்டுக்கு எங்கேருந்து போகும்? நாள் பூரா வரும்னா, நாள் பூரா வேணுங்கறப்ப திறந்து எடுத்துக்கலாம்னு அர்த்தம். ஏன் பிடிச்சு வெக்கறீங்க?"

ஏன் பிடித்து வைக்கிறோமா? இது என்ன கேள்வி?

"நாளைக்கு வரலேன்னா?" என்றேன் நான்.

"வரும்க்கா."

"வரலேன்னா?"

"வரும்னு சொல்றேனே!"

"சரிம்மா, வரும். வரலேன்னா?"

அந்தப் பெண் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து செல்வி வீட்டுக்குள்ளிருந்து 'உர்ர்ர்' என்று ஒரு சத்தம். ரங்கநாயகி காதைத் தீட்டிக்கொண்டாள்.

"என்ன அது, மோட்டாரா? குழாய்ல மோட்டார் போட்டு உறிஞ்சக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"மிக்சிங்க மேடம்" என்றாள் செல்வி கண்ணை இமைக்காமல். "சட்னி."

"இவ்வளவு நேரமா?"

"பெரிய குடும்பம்."

இதில் இன்னொரு விஷயம் உண்டு. அதை நாங்கள் யாரும் ரங்கநாயகியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை, அவ்வளவு இயல்பான விஷயம். எங்கள் தெருவில் தண்ணீருக்கு வயது உண்டு. இன்று பிடித்தது புதுத் தண்ணீர். நேற்று பிடித்தது பழைய தண்ணீர். புதுசு வரும் சத்தம் கேட்டதும் பழசைக் கொட்டிவிட வேண்டும். டிரம் முக்கால்வாசி இருந்தாலும் சரி. வாசலுக்குக் கொஞ்சம், செடிக்குக் கொஞ்சம், சாக்கடைக்கு மீதி. கொட்டி, கழுவி, கவிழ்த்து, நிமிர்த்தி, மறுபடி தளும்பத் தளும்ப நிரப்பினால்தான் எங்களுக்குப் பொழுது விடியும். நேற்றுத் தண்ணீரில் உலை வைத்தாள் என்று தெரிந்தால் அந்த வீட்டு மருமகளை நாங்கள் லேசில் விட மாட்டோம்.

இப்படியே நாட்கள் போயின. ஜமீலா தினமும் இடுப்பில் குடத்தோடு போனாள், வந்தாள். ஒரு சனிக்கிழமை என் வீட்டு வாசலில் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இந்தப் புதன்கிழமை வர்றாங்களாம்க்கா."

அன்று சாயங்காலம் செல்வி வீட்டு வாசலில் கூடினோம். ஜமீலாவைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால், 'என்னால உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்' என்று ஆரம்பித்துவிடுவாள்.

யோசனை சொன்னது செல்வி. ஆமாம், மிக்சிக்காரிதான்!

"ஒரு நாள்தானே? புதன்கிழமை ஒருத்தியும் குழாயைத் திறக்காதீங்க. தானா கடைசி வீடு வரைக்கும் ஓடும். அந்தம்மா பார்த்துட்டுப் போகட்டும். நஸ்ரின் வந்து இறங்கினதுக்கு அப்புறம் மாறி மாறி நாம குடம் கொண்டுபோய் ஊத்திடலாம். அந்தப் புள்ளைய எழுந்திருக்க விடுவோமா என்ன?"

"அன்னிக்குத் தண்ணிக்கு என்ன பண்றது?"

"செவ்வாக்கிழமை பிடிச்சது இருக்கும்ல?"

எல்லோரும் அவளைப் பார்த்தோம். நேற்றுத் தண்ணீரா? குடிக்கவா?

"பேப்பர்ல எழுதறாங்களே நம்ம வசந்தாக்கா, அவங்க வீட்டுலயே நேத்துத் தண்ணின்னா யாரு நம்மளைக் கேக்கப் போறா?" என்றாள் செல்வி.

மாட்டிக்கொண்டேன்.

"செல்வி, நீ மோட்டாரைப் போடாம இருப்பியா?" என்று கேட்டே விட்டேன்.

"மிக்சி அன்னிக்கு ரிப்பேர்னு வெச்சுக்குங்க."

என் வீட்டுக்காரர் பொன்மலை ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கிறவர். அவரிடம் சொன்னேன். சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே கேட்டார்.

"நீ திறக்காம இருப்பியா வசந்தா?"

"ஏன், மாட்டேனா?"

"இல்ல... குழாய்ச் சத்தம் கேட்டா தூக்கத்துல இருந்து எழுந்து ஓடுவியே, அதான் கேட்டேன். வேணும்னா குழாயைக் கழட்டி டிபன் பாக்ஸோட எடுத்துட்டுப் போயிடறேன்."

புதன்கிழமை விடிந்தது.

ஆறு மணி. நான் குழாய்க்குப் பக்கத்தில் நிற்கவே இல்லை. வாசலுக்கு வந்துவிட்டேன். வந்து பார்த்தால், தெருவே வாசலில் நிற்கிறது! ஒருத்தி கோலத்தில் புள்ளி வைத்துவிட்டு, கோடு போடாமல் என்னையே பார்க்கிறாள். நான் செல்வியைப் பார்க்கிறேன். செல்வி என்னைப் பார்க்கிறாள். நான் உள்ளே போனால் திறக்கத்தான் போகிறேன் என்று அவளுக்குச் சந்தேகம். அவள் உள்ளே போனால் எனக்கு.

கை பரபரத்தது. சும்மா சொல்லவில்லை, உள்ளங்கை நிஜமாகவே அரித்தது. அடிக்குழாயில் வரிசையில் நின்ற காலத்திலிருந்து இந்த நேரத்தில் என் கை சும்மா இருந்ததே கிடையாது. இன்றைக்குப் பிடிக்காமல் விட்டு, நாளைக்கு வராமல் போனால்? மறுநாளும் வராமல் போனால்? அரசாங்கம் இந்தத் திட்டமே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டால்? அத்தனையும் அந்த அரை மணி நேரத்துக்குள் யோசித்து முடித்தேன்.

எட்டரை மணிக்கு ஆட்டோ வந்தது. சம்பந்தியம்மா இறங்கினார். ஒல்லியான உருவம், கையில் ஒரு பை நிறைய மாதுளம்பழம். தெரு முழுக்க வாசலில் நிற்பதைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார்.

"என்னம்மா, இங்க யாராவது மௌத்தா?" என்று கேட்டார் என்னிடம், சாவு விழுந்த தெருவோ என்று பயந்துபோய்.

"இல்லீங்க, இல்லீங்க. காத்து வாங்கறோம்" என்றேன்.

வாழைக்காய் பஜ்ஜி போட்டு எடுத்துக்கொண்டு பத்து மணிக்கு ஜமீலா வீட்டுக்குப் போனேன். விவரம் தெரிந்துகொள்ளாமல் வீட்டில் எப்படி உட்காருவது? நான் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, அந்த அம்மா எழுந்து போய்ப் பின்கட்டுக் குழாயைத் திறந்தார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சளசளவென்று விழுந்தது! கனமாக, நேராக. ஜமீலா வீட்டில் அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. அவளும் கேட்டதில்லை போலிருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சம்பந்தியம்மா குழாயை மூடினார். பதினொரு மணிக்கு மறுபடி திறந்தார். மூடினார். லுஹர் தொழுகைக்கு ஒளு செய்ய உட்கார்ந்தபோது, அவசரமில்லாமல், கை கால் முகம் எல்லாம் ஆற அமரக் கழுவினார். தொழுது முடித்து, சாப்பிட்டு, கை கழுவி, பஜ்ஜி ஒன்றை எடுத்துக்கொண்டு, ஜமீலாவைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. வெள்ளிக்கிழமை நஸ்ரினைக் கொண்டாந்து விடறேன்."

அப்பாடா! எழுந்து போய்த் தெருவுக்குச் சேதி சொல்லலாம் என்று புடவையைச் சரிசெய்தேன்.

ஜமீலா முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். எனக்குப் புரிந்துவிட்டது. ஐயையோ, இவள் சொல்லப் போகிறாள்! அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். பலமாகவே கிள்ளினேன்.

"சம்பந்தி, பொய் சொல்லி என் மகளைக் கூட்டிட்டு வர எனக்கு மனசு ஒப்பல" என்றாள். "இந்தத் தண்ணி இன்னிக்கு மட்டும்தான். தெருவுல ஒருத்தரும் காலையிலேருந்து குழாயைத் திறக்கல. எனக்கே விடிஞ்சதுக்கு அப்புறம்தான் தெரியும். நாளைக்கு வராது. நீங்க சொன்னதுதான் சரி. பிரசவம் அங்கேயே நடக்கட்டும்."

சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மடியில் இரண்டு கையும் மல்லாந்து கிடந்தன.

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். நான் பஜ்ஜித் தட்டைப் பார்த்தேன்.

எழுந்து வாசலுக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். தெருவில் அந்தக் கோடி வரைக்கும் வாசலுக்கு வாசல் ஆள். செல்வி ஒரு கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வீடுமா?"

"ஆமாங்க" என்றேன்.

"குடிக்கறதுக்கு?"

"நேத்துத் தண்ணிதான்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நேத்துத் தண்ணியவா குடிச்சீங்க?" மன்னார்புரத்திலும் தண்ணீருக்கு வயது உண்டு போலிருக்கிறது.

அதற்கு மேல் அவர் பேசுவதற்குள் தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர் திரும்பியது. ரங்கநாயகி. வேகமாக வந்து, ஸ்டாண்டைக்கூடச் சரியாகப் போடாமல் இறங்கினாள். முகமெல்லாம் வியர்வை.

"அக்கா, என்ன ஆச்சு? எங்க அடைப்பு? தண்ணி கலங்கலா வருதா? நாத்தம் அடிக்குதா? யாருக்காவது வயித்துக்கு ஆகலையா?"

என்னைவிடக் கவலைப்படுகிற ஒரு ஆளை என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஒண்ணும் ஆகலையேம்மா..."

"பின்ன ஏன் தொட்டி அப்படியே நிக்குது? எப்பவும் ஒன்பது மணிக்குள்ள துடைச்சு வெச்ச மாதிரி ஆயிடுமே! மத்தியானம் ஆகியும் மட்டம் இறங்கலைன்னா நான் என்னன்னு நினைப்பேன்?"

செல்வியே வந்து எல்லாவற்றையும் சொன்னாள். சம்பந்தியம்மா வந்தது, குழாயைத் திறக்காதது, நேற்றுத் தண்ணீரைக் கொட்டாமல் வைத்திருந்தது...

"இருங்க, இருங்க" என்றாள் ரங்கநாயகி. "கொட்டாமன்னா? தினமும் கொட்டுவீங்களா?"

இது என்ன கேள்வி என்று நாங்கள் அவளைப் பார்த்தோம்.

அந்தப் பெண் அப்படியே ஜமீலா வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு எல்லாரும் சமைச்சீங்களா? குளிச்சீங்களா? துணி துவைச்சீங்களா?"

"ஆச்சு."

"நேத்துப் பிடிச்சதுலேயேதானே? இன்னும் மிச்சம் இருக்கா?"

இருந்தது. என் வீட்டு டிரம்மில் பாதிக்கு மேல் இருந்தது.

"அதைத்தான் தினமும் சாக்கடையில கொட்டியிருக்கீங்க! ஒரு நாளைக்கு வேண்டிய தண்ணியைப் பிடிச்சு, தீராமலே கொட்டி, மறுபடி பிடிச்சு... அதனாலதான் கடைசி வீட்டுக்கு இல்லாம போச்சு. இன்னிக்கு நீங்க செஞ்சது தில்லுமுல்லு இல்லக்கா. இதுதான் திட்டமே! இதைத்தான் நான் மூணு மாசமா தொண்டை கிழியக் கத்தறேன்!"

மோசடி என்று நினைத்து நாங்கள் செய்தது, அரசாங்கம் எங்களைச் செய்யச் சொன்ன வேலையாம். ஒரு காரியத்தைத் திட்டம் என்று சொன்னால் செய்ய மாட்டோம்; தில்லுமுல்லு என்றால் வரிசையில் நின்று செய்கிறோம். என்ன ஜனங்களோ நாம்!

ஆனால் சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நாளைக்கு?"

அவ்வளவுதான் கேட்டார். இன்றைக்கு ஒரு நாள் என்றுதான் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டிருந்தோம். நாளைக்கும், அதற்கு மறுநாளும், நிறைந்த டிரம் இல்லாமல் தூங்கப் போவதா? பக்கத்து வீட்டுக்காரி பிடிக்க மாட்டாள் என்று நம்பி நான் பிடிக்காமல் இருப்பதா?

செல்விதான் தொண்டையைச் செருமினாள்.

"உங்க மருமக எங்க கண்ணு முன்னால வளர்ந்த புள்ளைங்க. என் வீட்டு மாடிப்படியிலதான் உக்காந்து படிச்சா. அவ இந்தத் தெருவுல இருக்கற வரைக்கும் என் வீட்டுல பிடிச்சு வெக்க மாட்டேன். மத்தவங்களை நான் பாத்துக்கறேன்."

"மிக்சி?" என்றேன் நான்.

"சும்மா இருங்கக்கா."

சம்பந்தியம்மா ஜமீலாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் குழாயை நம்பி அனுப்பல" என்றார். "நேத்துத் தண்ணியைக் குடிச்சாங்க பாரு, இவங்களை நம்பி அனுப்பறேன்."

வெள்ளிக்கிழமை நஸ்ரின் வந்து இறங்கினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சுபம் என்று எழுதிவிடலாம். எழுதினால் நீங்கள் நம்புவீர்களா? முதல் வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நடு மத்தியானம் எழுந்து போய்க் குழாயைத் திறந்து பார்ப்பேன். வரும். மூடுவேன். பத்து நிமிஷம் கழித்து மறுபடி போவேன். வரும். 'உனக்குத் தண்ணி வேணுமா, தரிசனம் வேணுமா?' என்று வீட்டுக்காரர் கேட்டார். மீட்டர் ஓடுமே என்று அதற்கும் ஒரு கவலை. எல்லோரும் ஒரே நாளில் திருந்திவிடவும் இல்லை. ஒருத்தி கட்டிலுக்கு அடியில் வாளி வாளியாக ஒளித்து வைத்து, செல்வியிடம் அகப்பட்டுக்கொண்டாள். செல்வியின் மிக்சி உண்மையிலேயே ரிப்பேர் ஆகிவிட்டதாம். அவள்தான் சொன்னாள். நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

ஆனால் ஜமீலா வீட்டில் தண்ணீர் நிற்கவில்லை. காலையிலும் வந்தது. மத்தியானமும் வந்தது.

பஸ்ஸில் ரங்கநாயகியிடம் கேட்டேன், மீட்டிங்கில் பெரியவர்கள் என்னதான் பேசிக்கொள்வார்கள் என்று.

"தொட்டி எவ்வளவு பெருசு, குழாய் எவ்வளவு நீளம், பம்ப் எத்தனை... இதான்க்கா. எல்லாத்துக்கும் பணம் ஒதுக்கியாச்சு. 'நாளைக்கு வரலேன்னா'ன்னு நீங்க கேட்டீங்களே, அதுக்கு எந்தக் கணக்குல ஒதுக்கறதுன்னுதான் தெரியல."

கொஞ்சம் யோசித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கோ. எங்காத்துலயும் அதே கதைதான். அம்மா தினமும் நேத்து தீர்த்தத்தைக் கொட்டிட்டுத்தான் மறுவேலை பார்ப்பா. பெருமாளுக்கு ஆகாதாம். ஊருக்கெல்லாம் சொல்றேன், எங்கம்மாகிட்ட வாயைத் திறக்க முடியலை!"

அம்மா மண்டபம் ஸ்டாப்பில் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள். நீங்களும் சொல்லாதீர்கள்.

ஜன்னல் வழியாக அவள் போவதைப் பார்த்துக்கொண்டே நினைத்துக்கொண்டேன். குழாயை மாற்ற ஜேசிபி கொண்டுவரலாம், டெண்டர் விடலாம், வேலையை முடித்துத் திறப்பு விழாவும் நடத்திவிடலாம். நாளைக்கும் வரும் என்ற நம்பிக்கையை எந்த ஜேசிபியை வைத்துத் தோண்டிப் பதிப்பது? அதை அடுத்த வீட்டுக்காரிதான் கொண்டுவந்து தர வேண்டியிருக்கிறது. எங்களுக்கு ஒரு நஸ்ரின் கிடைத்தாள். திட்டம் வரப்போகிற மற்ற தெருக்களுக்கு யார் கிடைப்பார்களோ... எனக்கு அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது.

நஸ்ரினுக்குப் பெண் குழந்தை! சுகப்பிரசவம். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கேதான் வந்தார்கள்.

நேற்று பதினொரு மணிக்கு ஜமீலா வீட்டுக்குப் போனேன். குழந்தைக்குக் குளியல் நடந்துகொண்டிருந்தது. குளிப்பாட்ட வருகிற அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, காலில் குழந்தையைக் குப்புறப் போட்டுச் சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மாவும் வந்திருந்தார். நஸ்ரின் அறைக்குள்ளிருந்து, "காதுல போயிடப் போகுது" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஜமீலாவால் நிலைகொள்ள முடியவில்லை. ஒவ்வொரு சொம்புக்கும் அவள் கை தானாக முன்னால் நீண்டது.

"போதும்... போதும்மா... வாளியில கொஞ்சம் இருக்கட்டும்..."

இருபது வருஷப் பழக்கம், சும்மா விடுமா?

சம்பந்தியம்மா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"ஊத்தட்டும் விடு ஜமீலா. இன்னும் வரும்."

ஜமீலா கையை அவரிடமே விட்டுவிட்டாள். குழாய் பாட்டுக்கு வாளியை நிரப்பிக்கொண்டிருந்தது. குழந்தையோ வீடு அதிர வீல் வீல் என்று கத்தியது.

எங்கள் தெருவில் இப்போதெல்லாம் தண்ணீருக்காக அழுவது அந்தக் குழந்தை ஒன்றுதான் – அதுவும், போதும் போதும் என்று!